சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லை

மகன்,

போன சனிக்கிழமை டயகமவிலிருந்து உன் அத்தை ஹட்டனுக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். யாரும் திறக்காததால் கீழே புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் விசாரித்திருக்கிறாள். "அவங்க சனி ஞாயிறு இருக்க மாட்டாங்களே, விடியவே கண்டி பஸ் ஏறிருவாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். சாயந்தரம் நான் திரும்பி வரும் வழியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. "என்னா அண்ணி, ஒவ்வொரு சனிக்கெழமையும் கண்டிக்குப் போறீங்களாமே? ஒடம்புக்கு ஏதும் முடியலையா? பெரியாஸ்பத்திரிக்கா போறீங்க? எங்கிட்டகூட மறைக்கிறீங்களே" என்று அழாத குறையாகக் கேட்டாள். அவளை அனுப்பியது நீதான் என்பது எனக்குத் தெரியும். அதற்காக உன்மேல் கோபமில்லை. வாரக் கடைசியில் நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்காவிட்டால் உனக்குப் பயம் வரத்தான் செய்யும். "அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று அத்தையிடம் சொன்னேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் பேசுவாய், நான் சுருக்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் எம்.பி.ஏ. படிக்கிறேன். வேலையில் இருப்பவர்களுக்கென்று கண்டியில் நடத்துகிற வகுப்பு அது. சனியும் ஞாயிறும் நேரில் போகவேண்டும். கிழமை நாட்களில் சில மாலைகளில் கணினி வழியாக வகுப்பு இருக்கும். என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் உன்னைவிட இளையவர்கள். நீ சிரிப்பாயா, திட்டுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. எதற்குச் சேர்ந்தேன் என்று நீ கட்டாயம் கேட்பாய். எனக்கே அது தெரியாமல்தான் எல்லாம் நடந்தது.

அப்பா போன பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதை நீ பார்த்தாய், ஆனால் பார்க்கவில்லை. வேலைக்குப் போகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். நான் சமையலறையிலிருந்து "என்னங்க, சாப்பாட்டுப் பார்சல வச்சிட்டுப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதன் பிறகு நடந்தது எல்லாம் எனக்கு வேறு யாருக்கோ நடந்த மாதிரியே ஞாபகம் இருக்கிறது. நீ வெளிநாட்டிலிருந்து வந்தாய், கொள்ளி வைத்தாய், கருமாதி முடித்தாய், போனாய். பொல்பிட்டிய மின்நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். அவர்கள் கை ஈரமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. "அம்மா தைரியமா இருக்காங்க" என்று நீ உன் மனைவியிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அது தைரியம் இல்லை, மகன். உப்புப் போட்டுச் சமைத்தேனா இல்லையா என்பதுகூட நாக்கில் ஏறாத ஒரு நிலை.

மின்நிலையக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு ஹட்டனுக்கு மாறினேன். கார்மெண்ட் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பவும் போனேன். ஆட்கள் பிரிவில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். லீவு கேட்டு வருபவர்கள், சண்டை பிடித்து வருபவர்கள், வேலையை விடுகிறேன் என்று வருபவர்கள் எல்லோரும் என் மேசைக்குத்தான் வரவேண்டும். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வரும் ஒரு தையல் பிள்ளை ஒருநாள் என் முன்னால் உட்கார்ந்து, தன் அப்பா இறந்த கதையைச் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதது. முன்பென்றால் நானும் கண்ணைத் துடைத்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், லீவு கொடுத்தேன், பஸ்ஸுக்கு ஆள் துணையும் அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் பஸ் ஜன்னலுக்கு வெளியே யாரோ நின்று அழுவதைப் பார்ப்பதுபோலத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்கள் இப்படியே கடந்துவிடும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கதவைத் திறந்து உள்ளே வந்தால், திங்கள் வரைக்கும் அந்த இரண்டு அறைகளுக்குள் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் உட்காருவேன். வெளிச்சம் போனதும் விளக்கைப் போடுவேன்.

எங்கள் பிரிவுக்கு மேலாளர் தில்னி மிஸ். மாத்தளைக்காரப் பிள்ளை, சிங்களம். என்னைவிட எவ்வளவோ இளையவள், ஆனால் எனக்கு மேலே இருப்பவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் சிங்களத்தில்தான். ஒரு மத்தியானம் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, நான் இதுக்குப் போடப் போறேன். நீங்களும் போடுங்களேன். தனியா அவ்வளவு தூரம் போய்வர எனக்கு அலுப்பா இருக்கும்" என்றாள். நான் திரையைப் பார்த்தேன். பட்டமும் வேலை அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. "சரி மிஸ்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், அதற்கு நான் ஏதாவது பதில் சொல்லவேண்டும். சரி என்றால் பேச்சு முடிந்துவிடும். உன் அம்மா உயர்கல்விக்கு விண்ணப்பித்த கதை இதுதான்.

அந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்கு முழுதாக ஞாபகம் இருக்காது. நீ முதலாம் வகுப்பில் இருந்தாய். நான் கார்மெண்டில் சாதாரண கிளார்க். கல்லூரிக்குப் போகாமல் வெளிவாரியாகப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தை விரித்தவுடன் நீ வந்து மடியில் ஏறுவாய். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "படிக்கிற வீட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் என்னா வேல, வாடா" என்று வெளியே போய்விடுவார். அணைக்கட்டுப் பக்கம் சுற்றிவிட்டு, மழையில் நனைந்து, கையில் பொரித்த கடலைப் பொட்டலத்தோடு வருவீர்கள். மத்தியானச் சமையல் அவருடையது. பருப்பு அடிபிடித்திருக்கும். "அதுதான் வாசம்" என்பார். பரீட்சைக்கு இரண்டு தடவை தோற்றித்தான் முடித்தேன். முதல் தடவை தவறியபோது உன் அப்பா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அது போதுமாயிருந்தது.

விண்ணப்பத்தோடு, இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். தில்னி அதை வாரக்கணக்கில் எழுதினாள், திருத்தினாள், கொழும்பிலிருக்கும் அண்ணனுக்கு அனுப்பித் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். நான் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எழுதி முடித்தேன். வேலை கேட்டு வருபவர்களின் கடிதங்களை வருடக்கணக்காகப் படித்தவள் நான். எந்தச் சொல் எந்த இடத்தில் விழுந்தால் நன்றாயிருக்கும் என்பது கைக்கே தெரியும். தலைமைத்துவம், மாற்றம், எதிர்காலம் என்று எல்லாவற்றையும் போட்டேன். திரும்பப் படித்தபோது, இவ்வளவு ஆசையுள்ள இந்தப் பெண் யார் என்று இருந்தது. சிபாரிசுக்குத் தொழிற்சாலைப் பெரியவரிடம் போனேன். "உங்களுக்கு இப்ப எதுக்கு மிஸ் இது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு என்னைத் தொடவில்லை. அந்தக் காலத்தில் எதுவும் தொடவில்லை.

நேர்முகத் தேர்வுக்குத் தில்னியும் நானும் ஒன்றாகப் போனோம். நாவலப்பிட்டி தாண்டும்வரை அவள் குறிப்புகளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு பெண் பேராசிரியர். ஆங்கிலத்தில்தான் கேள்வி. அந்த அம்மா என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இத்தனை வருடம் விட்டுவிட்டு இப்போது ஏன்?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் தயாரான சொற்கள் இருந்தன. அவை வாய்க்கு வரவில்லை. "என் கணவர் இறந்துவிட்டார். சனி ஞாயிறு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, உன்னிடம்கூட. ஓர் ஆண் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்து, "மன்னித்துக்கொள்ளுங்கள். அது வீட்டை விட்டு வெளியே போவதற்கான காரணம். இங்கே வருவதற்கான காரணம் என்ன?" என்றார். "அது இன்னும் எனக்குத் தெரியாது" என்றேன்.

அதோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் தொழிற்சாலையில் தையல் பிள்ளைகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கேட்டார்கள். கல்யாணமானதும் போய்விடுகிறார்கள் என்று சொன்னேன். வருடக்கணக்காக நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவந்த பதில் அது. "கல்யாணமாகாதவர்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதுமில்லை. "இல்லை மேடம்" என்றேன். "பார்த்தால் சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தில்னி தன் நேர்முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கேள்வியே உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்ப் பையை வைத்தவுடன் விலகியவர்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தேன். நான் இத்தனை வருடம் சொன்னது பாதிதான் சரி. கல்யாணமாகாத பிள்ளைகளும் போயிருந்தார்கள், வேறு காரணங்களுக்கு. அந்தக் காரணங்கள் என்னவென்று எனக்குத் தெரியவேண்டும் என்று இருந்தது. மகன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. அப்பா போன பிறகு முதல் தடவையாக எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று இருந்தது அன்றைக்குத்தான். பசிகூட அப்படி வந்ததில்லை.

முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்திருந்தது. தில்னிக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் ஒரே காலையில், பக்கத்துப் பக்கத்து மேசையில் மின்னஞ்சல் வந்தது. அவள் என் திரையைப் பார்த்தாள், "நல்லது அக்கா" என்றாள், எழுந்து போனவள் திரும்பிவர நெடுநேரமாயிற்று. முகம் கழுவியிருந்தாள். அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, மனம் கட்டையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசினாள். சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை இருந்தது. அந்த நாளை விடுவித்துத் தரும்படி அவளிடம்தான் கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன். "சனிக்கிழமை இங்க யாரு அக்கா பாக்கிறது?" என்று தலை நிமிராமல் கேட்டாள். அவளுடைய ஆசையை நான் ஆசையே இல்லாமல் எடுத்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். அது உண்மையும்தான்.

அந்த வாரம்தான் நீ வீடியோவில் வந்து, நான் அங்கே வந்து உங்களோடு இருக்க விசா சரியாகிவிட்டது என்று சொல்லி, எனக்கென்று தயார் செய்த அறையைக் காட்டினாய். உன் மனைவி திரைச்சீலையை விலக்கி, "இங்க பாருங்க மாமி, ஜன்னலைத் திறந்தா மரம்" என்றாள். புதுக் கட்டில், புதுப் போர்வை, ஒரு சின்ன சாமிப்படம். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்கள். "நல்லா இருக்கு" என்று சொன்னேன், நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் அந்தக் கட்டிலைப் பார்த்தேன். நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் அதில் உட்கார்ந்திருப்பதும், வெளிச்சம் போனதும் விளக்கைப் போடுவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஹட்டனில் வாரத்துக்கு ஒன்றரை நாள்தான் அப்படி இருந்தேன். அங்கே ஏழு நாளும் அப்படி இருக்கவேண்டி வரும். உன்னிடம் "பாக்கலாம்பா" என்றேன். அடுத்த நாள் தில்னியிடம் போய், "மிஸ், சனிக்கிழமை தர முடியாட்டி நான் வேலையை விட்டுடுறேன். எனக்கு அங்க போகணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்று அவள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. "அக்கா போங்க. சனி நான் இருக்கிறது" என்று தமிழில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள்தான் அழுதாள்.

இப்போது அவள் சனிக்கிழமை என் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள். திங்கட்கிழமை காலையில் தேநீரோடு வந்து உட்கார்ந்து, வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறாள். அடுத்த வருடம் திரும்பவும் விண்ணப்பிப்பாளாம்.

வகுப்பு சுலபமாக இல்லை. மற்றப் பாடங்களைச் சமாளித்துவிடுகிறேன், புள்ளிவிவரவியல் மட்டும் பிடிபடவில்லை. முதல் சோதனையில் தவறிவிட்டேன். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்களில் ஒன்று என்னுடையது. பக்கத்தில் இருந்த பையன் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் ஏறும்வரை சாதாரணமாகத்தான் இருந்தேன். கம்பளை தாண்டியதும் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இந்த வயதில் இது தேவையா என்று முதலில் வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம்தான் அழுகையானது. பிறகு அது சோதனைக்கான அழுகையாக இருக்கவில்லை. தவறியதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்பா இல்லை. அவர் இனி எந்த ஞாயிறும் வரப்போவதில்லை என்பது கினிகத்தேனை ஏற்றத்தில், ஆட்கள் நெரிசலாக நின்ற பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. அத்தனை மாதமாக வராதது எல்லாம் வந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டும் சத்தம் வெளியே கேட்டது. பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த பெண் என் தோளைத் தொட்டு, "என்னாக்கா, வீட்டுல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்று கேட்டாள். "இல்ல தங்கச்சி, பரீட்சையில ஃபெயிலாயிட்டேன்" என்றேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள், மடியிலிருந்த புத்தகப் பையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். உப்புக் கூடியிருந்தது, மகன். கூடியிருந்தது எனக்குத் தெரிந்தது.

நான் குணமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலான நாட்களில் இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன். ஆனால் ஆசை வந்த பிறகுதான் ஒன்றைத் தொடங்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தால், இன்னும் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கால்தான் முதலில் போனது, மனம் மிகவும் பிந்தித்தான் வந்தது, அதுவும் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. உன்னோடு நிரந்தரமாக இருக்க நான் வரவில்லை. உன் வீட்டையோ மருமகளையோ குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. வகுப்பு விடுமுறையில் வருகிறேன், அந்த அறையில் தங்குகிறேன், மருமகளுக்கு நன்றி சொல். விடுமுறை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவேன்.

ஒன்றைக் கேட்கவேண்டும். கருமாதி முடித்துப் போன நீ, விமானத்தில் இறங்கிய மறுநாளே வேலைக்குப் போனாய் என்று உன் மனைவி சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, குளிருக்குப் போர்த்தினேனா என்று கேட்கிறாய். அப்பா என்ற சொல்லை நீ ஒரு தடவையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். உனக்குச் சாப்பாட்டில் உப்புத் தெரிகிறதா என்று நான் கேட்டதே இல்லை.

புதன்கிழமை மாலை எனக்கு வகுப்பு இல்லை, அன்றைக்குக் கூப்பிடு. என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. அப்பாவைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் பேசு, கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் அழுதால் பயந்துபோய்ப் போனை வைத்துவிடாதே. நீ அழுதால் நானும் வைக்கமாட்டேன்.

அம்மா